புள்ளியும் கோடும்: தாம்பரம் கண்ட கோல இலக்கணம்

கைப்பேசி இல்லந்தோறும் வந்தபின் கணக்குப் புதிர்களுக்குப் பஞ்சமில்லாமற் போயிற்று. விடிந்தால் ஒன்று, பொழுது சாய்ந்தால் ஒன்று. ஆண்டு பிறந்ததும் தவறாது வந்துசேரும் ஒன்றை அன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள்: 'உங்கள் வயதையும் பிறந்த ஆண்டையும் கூட்டுங்கள், எவராயினும் இவ்வாண்டின் எண்ணே விடையாக வரும், ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறையே நிகழும் அதிசயம் இது!' பிறந்த ஆண்டோடு அதன்பின் கழிந்த ஆண்டுகளைக் கூட்டினால் நடப்பாண்டு வராமல் வேறென்ன வரும்? சென்ற ஆண்டும் வந்தது, வரும் ஆண்டும் வரும். பட்டம் பெற்றோரும் இதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் காலைத் தேநீரைக் கையிலெடுக்கின்றனர்.

இதைச் சிரித்து ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாதது வேறொன்று. பதினேழு ஒட்டகக் கதை நம் இல்லங்களில் தனிச் செல்வாக்குப் பெற்றுவிட்டது. தந்தை ஒருவர் 17 ஒட்டகங்களை விட்டுச் செல்கிறார். மூத்தவனுக்குப் பாதி, அடுத்தவனுக்கு மூன்றிலொன்று, இளையவனுக்கு ஒன்பதிலொன்று எனச் சொல்லிவைக்கிறார். ஒட்டகத்தை வெட்டாமல் பங்கிட வழியில்லை. வழக்கு ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களிடம் வருகிறது. அவர்கள் தம் ஒட்டகம் ஒன்றைச் சேர்த்துப் பதினெட்டாக்கி, 9, 6, 2 எனப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய தம் ஒட்டகத்தைத் தாமே ஓட்டிச் செல்கிறார்கள். கேட்போர் 'ஸுப்ஹானல்லாஹ்' என்கின்றனர்; கதையும் அத்துடன் முடிகிறது.

ஃபராயிள் எனும் பாகப்பிரிவினைக் கலையின் முதற்பாடத்தை ஓதிய மாணவன்கூட இங்கே தடுமாறி நிற்க வேண்டும். மறையில் வரையறுக்கப்பெற்ற பங்குகள் ஆறே: பாதி, கால், அரைக்கால், மூன்றிலிரண்டு, மூன்றிலொன்று, ஆறிலொன்று. ஒன்பதிலொன்று என்றொரு பங்கு இல்லை. ஆண்மக்கள் மூவர் இருப்பின் அவர்களுக்குள் ஏற்றத்தாழ்வும் இல்லை. அவ்வாறிருக்க, கல்வியின் வாயில் எனப் போற்றப்பெறும் ஒரு பெருமகனார், சட்டத்திற்கு ஒவ்வாத பங்கீட்டை ஒரு தந்திரத்தால் நிறைவேற்றி வைத்தார் எனப் பரப்புவது அவர்களுக்குப் பெருமையா? ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் ஸனதைக் கேட்கும் பழக்கம் நம்முடையது. கைப்பேசியில் வந்ததும் அப்பழக்கம் எங்கே போயிற்று?

கதையின் உள்ளே ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. அதைக் கதையே மறைத்துவிடுகிறது. பாதியும் மூன்றிலொன்றும் ஒன்பதிலொன்றும் சேர்ந்தால் முழுமை ஆவதில்லை; பதினெட்டில் பதினேழுதான் ஆகின்றன. எஞ்சிய ஒரு பங்கையும் அதே 9:6:2 என்னும் வீதப்படி பங்காளிகளுக்கே திருப்பியளித்தால் ஒட்டகம் கடன் வாங்காமலே கணக்கு முடிந்துவிடும். பங்குகள் குறைந்து சொத்து மிஞ்சும்போது இவ்வாறு திருப்பியளிப்பதை ஃபராயிளில் 'ரத்' என்பர். (நாம் நாள்தோறும் வழங்கும் 'ரத்து' இச்சொல்லின் வழி வந்ததே.) இதற்கு நேர்மாறானது 'அவ்ல்'. மனைவி, பெண்மக்கள் இருவர், தாய், தந்தை ஆகியோரை விட்டு ஒருவர் மறைந்தால், 24-ஐ அடியாகக் கொண்டு கூட்டும்போது பங்குகள் 3, 16, 4, 4 என 27 ஆகிவிடுகின்றன. அப்போது 27-ஐயே அடியாக்கிக்கொள்வர். மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகச் சுருங்கும். மிம்பரில் நின்றிருந்தபடியே ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்கள் இதற்கு விடை பகர்ந்தார்கள் என்பதால் இது 'மிம்பரிய்யா' மஸ்அலா எனப் பெயர் பெற்றுச் சட்ட நூல்களில் நிற்கிறது. அவர்கள் பெயருக்குரிய உண்மையான கணக்கு கிதாபுகளில் தூங்க, ஒட்டகம் ஊர்சுற்றுகிறது.

இவ்வேறுபாட்டையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். ஒருவகைப் புதிர் விடையைக் காட்டி வியப்பை விற்கிறது. மற்றொருவகை விதியைக் கையில் கொடுக்கிறது. நம் முன்னோர் இரண்டாம் வகையை நாடியவர்கள். இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் முழுமையாகக் கிடைத்தவற்றில் காலத்தால் முற்பட்டது வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா', 1572-இல் அரங்கேறியது. பெயரே சொல்லும், அது கேள்விகளால் ஆன நூல் என்று. தமிழில் காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளைகளை எண்ணச் சொல்லித்தருகிறது: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். விதி பொருந்துமா பொருந்தாதா என்பதை ஒரு பழத்தை வாங்கி அறுத்தால் தெரிந்துவிடும். சோதனைக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் விதி அது. அந்த நேர்மை ஒட்டகக் கதைக்கு இல்லை.

மார்கழி, தை மாதங்களில் கைப்பேசிப் புதிர்கள் கோலத்தின்பால் திரும்புகின்றன. ஒரு சிக்குக் கோலத்தின் படம்; கீழே, 'நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணிப்பொறியை அறிந்திருந்தனர்' என்றொரு வாசகம். என்ன அறிந்திருந்தனர், எவ்வாறு அறிந்திருந்தனர் என்று கேட்டால் விடை வராது. நம்மவரும் குறைந்தவரல்லர். 'அல்காரிதம்' என்னும் சொல் ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாது அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது எனும் செய்தியை ஆயிரம் முறை பரிமாறிக்கொள்கிறோம். அவர் இயற்கணித நூலின் கணிசமான பகுதி மரணசாசனத்தையும் பாகப்பிரிவினையையும் பற்றியது. அதிலிருந்து ஒரு கணக்கையேனும் போட்டுப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்?

கோலத்தைப் பற்றி 'என்ன, எவ்வாறு' என்ற கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் நமக்கு மிக அருகில் இருந்தனர் என்பதைச் சொல்லவே இத்துணை நீண்ட முன்னுரை. நாம் வாழும் பெருங்களத்தூரிலிருந்து வடக்கே மின்சார ரயிலில் சென்றால் அடுத்த நிலையம் தாம்பரம். 2021-இல் மாநகராட்சி அமைந்தபோது நம் ஊரும் தாம்பரத்துள் அடங்கிவிட்டது. அங்கே, 1937-இல் நகரத்திலிருந்து பெயர்ந்து வந்து மரஞ்செறிந்த பெருவளாகத்தில் குடியேறிய சென்னைக் கிறித்துவக் கல்லூரியில், புள்ளியியல் துறைப் பேராசிரியராக விளங்கியவர் கிஃப்ட் சிரோமணி (1932–1988). பலதுறை நாட்டம் கொண்டவர். அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறி இனங்காணும் முறை, பிராமிக் கல்வெட்டுகளின் காலத்தைக் கணித்தல், மாமல்லபுரச் சிற்பங்களின் அளவுவிகிதம் என அவர் கைவைத்த துறைகள் பல. சிந்துவெளி எழுத்துகளைப் பற்றிய கட்டுரைகளில் அவரோடு இணைந்து உழைத்தவர் அப்துல் ஹக் என்பார். 1974-இல் அவரும், துணைவியார் ராணி சிரோமணியும், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக விளங்கிய கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கணிப்பொறி வரைகலைக்குரிய ஒரு பன்னாட்டு ஆய்விதழில் கோலத்தின் இலக்கணம் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். அன்று நம் நாட்டில் கணிப்பொறியைக் கண்ணால் கண்டவரே சிலர்.

இலக்கணம் என்ற சொல்லை அவர்கள் அணிக்காகப் பயன்படுத்தவில்லை. ஒரு மொழியில் சொற்றொடர்கள் எண்ணிறந்தன. அவற்றை ஆக்கும் விதிகளோ சிலவே. நன்னூல் படித்த நமக்கு இது புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் நோம் சோம்ஸ்கி அவ்விதிகளைக் கணிதமாக எழுதலாம் எனக் காட்டினார்: ஒரு தொடக்கக் குறியை வைத்துக்கொள், இன்ன குறி வந்தால் அதனிடத்தில் இன்ன குறிகளை இடு, மாற்ற ஒன்றும் இல்லாதவரை செய்துகொண்டே போ. சொற்றொடர் ஒரே வரியில் ஓடுவது. கோலமோ நீளமும் அகலமும் உடையது. தாம்பரத்தார் செய்த புதுமை, குறிகளை வரியாக அன்றிக் கட்டங்களாக அடுக்கி, மாற்று விதிகளை மேலும் கீழும் பக்கவாட்டிலும் இயங்கச் செய்ததாகும். இறுதியில் ஒவ்வொரு குறிக்கும் பதிலாகக் கோலத்தின் ஒரு சிறு துண்டை வைத்தால் கோலம் எழுந்துவிடும். சிறிய கோலமும், அதே வகையில் பெரிதாக்கிய கோலமும் ஒரே விதியின் பிள்ளைகள் என்பது அப்போது புலனாகும். எந்தக் கோலத்துக்கு எளிய விதி போதும், எதற்கு வலிய விதி வேண்டும் என அவர்கள் வகைப்படுத்தவும் செய்தனர்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது அறிஞர்களின் விளையாட்டு என்று நாம் கடந்து போயிருப்போம். ஆனால் பின்வந்த ஆண்டுகளில் அவர்கள் கேள்வியைத் திருத்திக்கொண்டனர். கட்டம் கட்டமாகக் கோலத்தை நிரப்புவது கணிப்பொறியின் வழி. வாசலில் குனிந்து நிற்கும் பெண்மணி அவ்வாறா இடுகிறார்? அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறார். இங்கே திரும்பி, அங்கே வளைந்து, தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்கிறார். கோலமிடும் பெண்களையே கேட்டும் கவனித்தும் அறிந்து, அவர்தம் கை நினைவில் வைத்திருக்கும் அடிப்படை அசைவுகள் ஏழு என அவர்கள் பிரித்தனர்: நேரே செல்லுதல் ஒன்று, வலப்புறத் திருப்பங்கள் மூன்று, இடப்புறத் திருப்பங்கள் மூன்று. கம்பிக் கோலம் எத்துணைச் சிக்கலாயினும் இந்த ஏழெழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு நீண்ட சொல். அச்சொல்லுக்கு முதலும் இல்லை, ஈறும் இல்லை. கோடு தொடங்கிய இடத்திலேயே முடிவதால் அது வட்டமாக எழுதப்பட்ட சொல். ஆகவே 1987-இலும், கிஃப்ட் சிரோமணி மறைந்தபின் 1989-இல் வெளிவந்த நினைவு மலரிலும் காணும் கட்டுரைகள் 'சுழல் இலக்கணம்' என்னும் முறையைக் கையாண்டன.

இதைப் படித்தபோது நம் உள்ளம் தாம்பரத்தை விட்டுப் பஸராவுக்குச் சென்றது. அரபு யாப்பிலக்கணமாகிய 'அரூள்' கலையை வகுத்தவர் எட்டாம் நூற்றாண்டினரான கலீல் இப்னு அஹ்மத். கவிதைகளின் ஓசைகளை அவர் அசையும் எழுத்து, அசையா எழுத்து எனப் பிரித்து, அவற்றை ஐந்து வட்டங்களில் எழுதிவைத்தார். ஒரே வட்டத்தில் ஓரிடத்தில் தொடங்கிச் சுற்றினால் 'தவீல்' என்னும் சந்தம் வரும்; சற்றுத் தள்ளித் தொடங்கினால் 'மதீத்'; இன்னும் தள்ளினால் 'பஸீத்'. பதினைந்து சந்தங்களை ஐந்து வட்டங்களுக்குள் அடக்கிய அந்த ஏற்பாட்டை ஓதும் மாணவர்கள் அதை மனப்பாடச் சுமை என்றே எண்ணுகின்றனர். முதலும் ஈறும் அற்ற சொல் என்ற கருத்து அங்கே உயிரோடிருக்கிறது. பஸராவிலிருந்து தாம்பரத்துக்கு ஏதோ தொடர்பு இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொன்னால் நாமும் கைப்பேசிக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவோம். கவிஞனின் நாவும் கோலமிடுபவர் கையும் தாமறியாமலே ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. அவ்வொழுங்கை வெளியே எடுத்துவைக்க ஒருவர் பொறுமையோடு அமர வேண்டும். பஸராவில் ஒருவர் அமர்ந்தார். தாம்பரத்தில் சிலர் அமர்ந்தனர்.

அன்பர் சிலர் கேட்கக்கூடும்: கோலமிடுதல் நம் இல்லத்து வழக்கமன்றே, நமக்கு இதில் என்ன? வழக்கம் அவரவர்க்குரியது, எண் எல்லார்க்கும் பொது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் நம் சகோதரிகள் ஊடும் பாவும் எண்ணி எண்ணி வைப்பதும் இத்தகைய கணக்கே. அதைவிட நெருக்கமான ஒரு தொடர்பு உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். கையில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நலம்.

ஒரு செவ்வகமாகப் புள்ளிகளை வையுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி எனக் கொள்வோம். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நடுவிலெல்லாம் இரு கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் சரிவாகச் செல்ல வேண்டும். ஓரத்தை அடைந்த கோடு, ஓரப்புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். கோலங்களுள் மிக எளிய வகை இது. கையெடுக்காமல் கோட்டைத் தொடர்ந்தால் பன்னிரண்டு புள்ளிகளையும் சுற்றி முடித்துத் தொடங்கிய இடத்தை அடைவீர்கள், ஒரே கோடு. இப்போது நான்கு வரிசை, நான்கு புள்ளி வையுங்கள். கோடு விரைவில் மூடிக்கொள்ளும். மிச்சப் புள்ளிகளுக்கு வேறு கோடு தொடங்க வேண்டும். மொத்தம் நான்கு கோடுகள். மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தபோது, மூன்றுக்கு நான்கு வைத்த சிறுமி ஒரே ஓட்டத்தில் முடித்துவிட்டாள். நான்குக்கு நான்கு வைத்த சிறுவன் தன் பென்சில்தான் சரியில்லை என்று அடம்பிடித்தான்.

பென்சிலில் குறையில்லை. கோடுகளின் எண்ணிக்கை, வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தியே ஆகும். இவ்விடத்தில் மதரஸாவில் ஓதியவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். பாகப்பிரிவினையில் பங்குகளைச் சீர்செய்வதற்காக எந்த இரண்டு எண்களுக்கும் உள்ள உறவை நாம் நான்காகப் பிரித்து ஓதுகிறோம் அல்லவா? இரண்டும் சமமாயின் தமாஸுல். சிறியது பெரியதை மிச்சமின்றி அளந்தால் ததாகுல். வேறொரு பொது எண் இரண்டையும் அளந்தால் தவாஃபுக். ஒன்றைத் தவிர வேறு பொது எண் இல்லையாயின் தபாயுன். இந்நான்கையும் கோலத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்துக்கு ஐந்து தமாஸுல்: ஐந்து கோடுகள். மூன்றுக்கு ஆறு ததாகுல்: சிறிய எண்ணளவு, அதாவது மூன்று கோடுகள். எட்டுக்கு இருபது தவாஃபுக்: இரண்டையும் நான்கு அளப்பதால் நான்கு கோடுகள். மூன்றுக்கு நான்கும் ஒன்பதுக்குப் பத்தும் தபாயுன்: கையெடுக்காத ஒரே கோடு!

உறவைக் கண்டுபிடிக்க 'ஸிராஜிய்யா' முதலிய நூல்கள் கற்பிக்கும் வழியும் நினைவிருக்கலாம். பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழி. மீதியையும் சிறியதையும் வைத்து மீண்டும் கழி. இரண்டும் ஓரெண்ணில் ஒத்து நிற்கும்வரை செய். இருபதில் எட்டு போகப் பன்னிரண்டு. பன்னிரண்டில் எட்டு போக நான்கு. எட்டில் நான்கு போக நான்கு. நான்கில் ஒத்தன. கோலத்தில் இதற்கு நிகரானது எது தெரியுமா? நீண்ட செவ்வகத்தின் ஒரு முனையிலிருந்து முழுச் சதுரம் ஒன்றை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தின் ஓரத்தில் கோடுகளை வளைத்து முடித்தால் கோடுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. எட்டுக்கு இருபதில் ஒரு சதுரத்தை வெட்டினால் எட்டுக்குப் பன்னிரண்டு. இன்னொன்றை வெட்டினால் எட்டுக்கு நான்கு. மீண்டும் வெட்டினால் நான்குக்கு நான்கு. கிதாபில் கழித்தல் என்று நிற்பது வாசலில் வெட்டுதல் என்று நிற்கிறது. யவன அறிஞர் யூக்ளிட் நூலில் உள்ளதும் இந்த வழியே.

இதுகாறும் பாராட்டினோம், இனிக் குறைகளையும் சொல்ல வேண்டும். தாம்பரத்தார் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், துறைவல்லார்க்கான இதழ்களில் வெளிவந்தவை. 1978-இல் கலாக்ஷேத்திரா காலாண்டிதழில் கிஃப்ட் சிரோமணி பொதுவாசகர்க்காகத் தென்னிந்தியக் கோலங்களைப் பற்றி எழுதினார், அதுவும் ஆங்கிலமே. எந்தக் கைகளிடமிருந்து அந்த ஏழு அசைவுகள் கற்றுக்கொள்ளப்பட்டனவோ, அக்கைகளுக்குரியவர்கள் அவற்றைப் படிக்க வழியின்றிப் போயிற்று. கணிதக் குறியீடுகளைத் தமிழில் எழுதுவது கடினம் என்பர். கடினம்தான், ஆனால் ஏழு அசைவுகளைத் தமிழ்ப் பெயரிட்டு ஒரு பள்ளிப்பாடமாக்குவது அத்துணைக் கடினமன்று. கட்டுரைகள் இன்று சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் யாவரும் படிக்கக் கிடைக்கின்றன. ஒட்டகத்தைச் சுமந்துவரும் அதே இணையம் இவற்றையும் சுமந்து நிற்கிறது. எது நம்மைத் தேடி வருகிறது, எதை நாம் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

இரண்டாவது குறை, குறை என்பதைவிட எல்லை என்பதே பொருத்தம். இலக்கணம் எது பிழையற்ற கோலம் என்று சொல்லும். எது அழகிய கோலம் என்று சொல்லாது. தளை தட்டாத வெண்பாக்கள் ஆயிரம் இயற்றலாம். அவற்றுள் கவிதை ஒன்றுகூட இல்லாமற் போகலாம். பிழையற்ற நூறு வழிகளுள் ஒரு பெண்மணி இன்று காலை இதைத் தேர்ந்தார், ஏன்? இடம் குறுகலா, மாவு குறைவா, நேற்று அடுத்த வீட்டில் கண்டதை மிஞ்ச வேண்டும் என்ற ஆவலா? இக்கேள்விக்கு விதி விடையளிப்பதில்லை. கலீல் வகுத்த வட்டங்களிலும் கவிஞன் பிறப்பதில்லை. அதற்காக வட்டங்களை யாரும் பழித்ததுமில்லை.

இந்த எல்லையைத் தாண்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு இப்போது ஒன்று வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு எனப்படும் கருவியிடம் 'சிக்குக் கோலம் ஒன்று வரைக' என்று எழுதினால் நொடியில் படம் தருகிறது. செம்மண் தரை, காலை வெயில், மாவின் வெண்மை எல்லாம் கண்ணைப் பறிக்கின்றன. சென்ற பொங்கலில் நம் கைப்பேசிக்கு வந்த அத்தகைய படங்கள் சிலவற்றை நாம் பெரிதாக்கிக் கோட்டைத் தொடர்ந்து பார்த்தோம். ஒன்றில் கோடு நடுவழியில் அறுந்து வேறொரு கோட்டில் ஒட்டிக்கொண்டது. மற்றொன்றில் புள்ளிகள் சில கோட்டின்மேலேயே ஏறி அமர்ந்திருந்தன. பிறிதொன்றில் வலப்பக்கம் ஒன்பது புள்ளி, இடப்பக்கம் எட்டு. கோலமிடத் தெரிந்த பத்து வயதுப் பெண் இப்பிழைகளைச் செய்யாள். 1974-இன் முறை விதியிலிருந்து படத்துக்குச் சென்றது; எத்துணைப் பெரிதாயினும் கோடு அறாது. இப்புதிய முறை எண்ணற்ற படங்களின் சாயலைக் கற்றுக்கொண்டு அச்சாயலில் மற்றொரு படத்தைத் தருகிறது. இக்கருவிகள் நாளுக்கு நாள் திருந்துகின்றன. இப்பிழைகளும் ஒருநாள் மறையலாம். நம் கவலை கருவியைப் பற்றியதன்று. நமக்கு அப்படங்களை அனுப்பியவர்களுள் ஒருவரேனும் கோட்டைத் தொடர்ந்து பார்க்கவில்லை. பதினேழையும் ஒன்பதிலொன்றையும் கூட்டிப் பார்க்காத அதே கண்தான் இங்கும் பார்த்தது.

பிள்ளைகளுக்குக் கைப்பேசியைக் கொடாதீர் என்று சொல்வோர் உளர். நாம் அக்கட்சியில் இல்லை. கொடுத்துவிட்டு, வரும் புதிரை ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்கிறோம். வயதும் பிறந்த ஆண்டும் சேரும் கணக்கை ஐந்தாம் வகுப்புக் குழந்தை உடைத்துவிடும். ஒட்டகக் கணக்குக்குப் பின்னம் கூட்டத் தெரிந்தால் போதும். கோலத்துக்கு அதுவும் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

விடுமுறை நாளில் வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கு ஒன்று சொல்கிறோம். ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து முன்சொன்ன எளிய கோலத்தை இடுங்கள். தமாஸுல் ஆகலின் கோடுகள் ஐந்து. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களை எண்ணினால் நாற்பது இருக்கும். இவ்வைந்தையும் ஒரே கோடாக்க வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு: இரு வேறு கோடுகள் வெட்டும் ஓரிடத்தில், குறுக்கே செல்லவிடாமல் இரண்டையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வளையச் செய்தால், அவ்விரு கோடுகளும் இணைந்து ஒன்றாகிவிடும். கோலமிடுவோர் கைக்கு இது பழகிய செயல். ஒரு மாற்றத்தால் ஒரு கோடுதான் குறையும். ஆகவே நான்கு மாற்றங்களுக்குக் குறைந்து முடியாது. முதல் மாற்றத்தை நாற்பதில் எங்கு வேண்டுமாயினும் செய்யலாம். இரண்டாவதிலிருந்து விழிப்பு வேண்டும். இணைந்துபோன கோடு தன்னைத்தானே வெட்டும் இடத்தில் கைவைத்தால் அது மீண்டும் இரண்டாகப் பிரிந்துவிடவும் கூடும்.